நம்மைக் கேட்காமல் நமக்கு மருத்துவமா?

செருப்புத் தைப்பவர் காலை அளக்காமல் தோலில் கத்தி வைப்பதில்லை. தையற்காரர் தோளையும் மார்பையும் அளக்காமல் துணியை வெட்டுவதில்லை. தோல் வேலையும் தையல் வேலையும் செய்து பிழைக்கும் நமக்கு இந்தச் சின்ன உண்மையை யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் மருத்துவமனையைக் கட்டுகிறார்களே, அவர்கள் யாருடைய காலை அளந்தார்கள்? இலட்சக்கணக்கானோர் விழுங்கும் மாத்திரையை அட்டையில் அடைக்கிறார்களே, அவர்கள் யாருடைய கண்ணைக் கேட்டார்கள்? எந்த நோயாளியைக் கூப்பிட்டு, "அம்மா, இது உனக்குத் தோதுப்படுமா?" என்று விசாரித்தார்கள்?

விசாரிக்கவில்லை. நமக்காக என்று சொல்லி, நம் பெயரில் கணக்கு எழுதி, நம்மை மட்டும் வெளியே நிறுத்திவிட்டுத் திட்டம் போடுகிறார்கள். திட்டம் தோற்றால், "இந்த ஜனங்களுக்கு விழிப்புணர்ச்சி போதாது" என்று பழியை நம் தலையில் போடுகிறார்கள். இந்த அநியாயத்தைத்தான் இங்கே பேச வந்தோம்.

வாசலிலேயே தொடங்கும் வழக்கு

மும்பைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆனவர்களுக்கும், நேற்று ரயிலில் இறங்கியவர்களுக்கும் தெரிந்த கதையைச் சொல்கிறோம். பொது மருத்துவமனையில் காலையில்தான் கேஸ் பேப்பர் எடுக்க வேண்டும். நாக்காவில் நின்று அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கும் அதே காலை நேரத்தில்தான் வேலை கிடைக்கும். டாக்டரைப் பார்க்க ஒரு நாள், இரத்தம் கொடுக்க ஒரு நாள், அதன் சீட்டை வாங்கிக் காட்ட இன்னொரு நாள். மூன்று நாள் கூலி போன பிறகு நாலாவது நாள் அவர் போகாமல் இருந்துவிட்டால், 'சிகிச்சையைப் பாதியில் விட்டவர்' என்று ஏட்டில் எழுதுகிறார்கள். பாதியில் விட்டது அவரா? அவருடைய வேலை நேரத்தைக் கணக்கிலேயே எடுக்காத ஏற்பாடு அல்லவா அவரை விட்டது?

நம் தாய்மார்களின் நிலை இன்னும் கொடுமை. "நெஞ்சு கரிக்குது" என்பதும் "நெஞ்சு அடைக்குது" என்பதும் ஒன்றல்ல. "கிறுகிறுன்னு வருது" என்பதும் "கண்ணை இருட்டுது" என்பதும் ஒன்றல்ல. இந்த வேற்றுமையில்தான் நோயே இருக்கிறது. மராட்டியும் இந்தியும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு தாய் இதை யாரிடம் சொல்வாள்? பள்ளிக்கூடம் போகும் பத்து வயதுப் பெண்ணை லீவு போடச் சொல்லிக் கூடவே கூட்டிப் போகிறாள். தாயின் மாதவிலக்குத் தொல்லையை, கர்ப்பப்பைக் கோளாறை, அந்தக் குழந்தை டாக்டருக்கு மொழிபெயர்க்க வேண்டும்! தாய் பாதியை வெட்கத்தால் விழுங்குகிறாள். குழந்தை மீதியைப் புரியாமல் விடுகிறது. டாக்டர் கையில் கிடைத்ததற்கு மருந்து எழுதுகிறார். இதில் டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. இத்தனை மொழி பேசும் நகரத்தில் மொழிபெயர்க்க ஓர் ஆளை நிறுத்த வேண்டும் என்று திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றவில்லையே, அதைத்தான் கேட்கிறோம்.

மருந்துக் கடைக்கு வாருங்கள். முழு அட்டை வாங்கக் காசில்லாதவர் நாலு மாத்திரை கேட்கிறார். கடைக்காரர் கத்தரியால் வெட்டித் தருகிறார். காலாவதித் தேதி மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. தேதி கிடைத்தாலும் பளபளக்கும் தாளில் எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சிட்ட எழுத்தை அறுபது வயதுக் கண் எப்படிப் படிக்கும்? போலி மருந்தைக் கண்டுபிடிக்க என்று 2023 ஆகஸ்டு முதல் 300 மருந்துப் பெயர்களுக்குக் க்யூ.ஆர். கட்டம் கட்டாயமாக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் அந்தக் கட்டம் நல்ல செல்போன் வைத்திருப்பவரிடம் மட்டும்தான் பேசும். நாலு மாத்திரையாக வாங்குகிறவர் இந்த நாட்டில் எத்தனை பேர் என்று அட்டை செய்கிறவருக்குத் தெரியாதா? தெரியும். ஒவ்வொரு நாலு மாத்திரைக்கும் தேதியைத் திரும்ப அச்சிட வேண்டும் என்று சொல்லத்தான் அந்த அறையில் ஆள் இல்லை.

2021 சொல்லிக் கொடுத்த பாடம்

கொரோனாக் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசி என்றார்கள். ஆனால் 'கோவின்' தளத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி என்று முதலில் கட்டளை போட்டார்கள். அந்தத் தளம் அப்போது ஆங்கிலத்தில் இருந்தது. நம் கட்டட வேலைக்காரர்களும், வீட்டு வேலை செய்யும் பெண்களும், வண்டி இழுப்பவர்களும் என்ன செய்தார்கள்? ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளைத் தேடி அலைந்தார்கள். இடம் திறந்த சில நிமிடத்தில் வேகமான விரலும் வேகமான இணைப்பும் உள்ளவர்கள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார்கள். குடிசைப்பகுதியில் இருந்த மையத்தில் ஊசி போட வெளியே இருந்து காரில் வந்தார்கள். பக்கத்துச் சந்தில் இருந்தவர் வேடிக்கை பார்த்தார்.

2021 மே 31 அன்று உச்ச நீதிமன்றமே மத்திய அரசைக் கேட்டது: இணையத்தை மட்டும் நம்பிய ஏற்பாட்டில், அது கைக்கெட்டாதவர்களின் கதி என்ன? மொழி தெரியாதவர் என்ன செய்வார்? கண் பார்வையற்றவர் எப்படி இந்தத் தளத்தைப் பயன்படுத்துவார்? நேரில் வந்து பதிவு செய்யும் வழியும், தமிழ் உள்ளிட்ட மொழிகளும் அதன் பிறகுதானே ஒழுங்காக வந்து சேர்ந்தன. நாம் கேட்பது இதுதான்: இவற்றைச் சொல்ல உச்ச நீதிமன்றம் வேண்டுமா? தளத்தைத் தொடங்குவதற்கு முந்தின மாதம் ஒரு சுமைகூலித் தொழிலாளியையும், ஒரு பார்வையற்றவரையும், ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் எதிரே உட்கார வைத்து, "இதில் உன் பெயரைப் பதிவு செய் பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிந்திருக்குமே!

கேட்டவர்கள் செய்து காட்டினார்கள்

கேட்டுச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1968ஆம் ஆண்டு. இராஜஸ்தானில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனை. கால் இழந்தவர்களுக்கு அந்நாளில் மேல்நாட்டு முறையில் செய்த செயற்கைக் கால் பொருத்தினார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பூட்ஸ் போட்டால்தான் அது கால். பூட்ஸோடு நம் வீட்டு அடுப்படிக்குள் போக முடியுமா? கோயிலுக்குள் போக முடியுமா? குத்துக்காலிட்டு உட்கார முடியாது. சம்மணம் போட முடியாது. தண்ணீர் நின்ற வயலில் இறங்க முடியாது. மேல்நாட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் போட்டு நடப்பவர், அவருக்குச் சரி. நம்மவர் அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டுப் பழையபடி கட்டைக்கோலை எடுத்துக்கொண்டார்.

"படிக்காத ஜனங்கள், அருமை தெரியவில்லை" என்று டாக்டர் பி.கே. சேத்தி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் கழற்றினார்கள் என்று பார்த்தார். அந்த மருத்துவமனையில் கைத்தொழில் கற்பித்துக்கொண்டிருந்தவர் இராமசந்திர சர்மா. பெரிய படிப்பு இல்லாத கைவினைஞர், 'மாஸ்டர்ஜி' என்பார்கள். தெருவோரத்தில் டயருக்கு ரப்பர் வைத்து வேகவைக்கும் கடையில் அவருக்கு வழி கிடைத்தது என்று சொல்வார்கள். வேகவைத்த ரப்பரில், வெறுங்காலோடு நடக்கிற, குந்துகிற, சம்மணம் போடுகிற, சேற்றில் இறங்குகிற காலைச் செய்தார்கள். டாக்டரின் எலும்பு அறிவு ஒரு பக்கம், மாஸ்டர்ஜியின் கைப்பழக்கம் ஒரு பக்கம், மாட்டி நடந்து பார்த்து "இங்கே உறுத்துது" என்று சொன்ன நோயாளியின் வாய்ச்சொல் ஒரு பக்கம். இந்த மூன்றும் சேர்ந்து பிறந்ததுதான் ஜெய்ப்பூர் கால். 1981இல் டாக்டர் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது.

கால் மட்டும் சரியாக இருந்தால் போதாது என்பதையும் அங்கேயே கண்டார்கள். 1975இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி, காலை இலவசமாகத் தந்தது. அதோடு, எந்த நேரம் வந்தாலும் சேர்த்துக்கொள்வது, நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் சோறும் இடமும் தருவது, திரும்பத் திரும்ப அலைய விடாமல் கூடுமானவரை விரைவாகப் பொருத்தி அனுப்புவது என்று ஏற்பாட்டையே ஏழையின் பயணத்துக்கு ஏற்ப அமைத்தது. தூர ஊரிலிருந்து கையில் காசில்லாமல் வருகிறவருக்கு இதுவும் மருந்துதான். பொருளைப் போலவே, அதைக் கொடுக்கும் முறையையும் வாங்குகிறவரைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

கழிப்பறையும் மருத்துவம்தான்

ஒரு மனிதருக்குக் கால் செய்வதில் இந்த நியாயம் என்றால், ஒரு பேட்டைக்கே நோய் வராமல் தடுக்கும் கழிப்பறைக்கு என்ன நியாயம்? காலராவும் வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் எந்த வழியாக வருகின்றன என்று நமக்குத் தெரியும். கோலார் தங்கவயலில் பிறந்து 1963இல் பம்பாய்க்கு வந்து, ஜனதா காலனியில் குடியிருந்து, 1976இல் அந்தக் காலனியே இடிக்கப்பட்டபோது மக்களோடு நின்றவர் ஜோக்கின் அற்புதம். தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை 1974இல் தொடங்கியவர். அந்தக் கூட்டமைப்பும், பைகுல்லா நடைபாதைப் பெண்கள் 1986இல் தொடங்கிய 'மகிளா மிலன்' அமைப்பும், 'ஸ்பார்க்' தொண்டு நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை என்ன? கழிப்பறை ஏன் நாறுகிறது, யார் போவதில்லை, ஏன் போவதில்லை என்று குடியிருப்பவர்களையே கேட்டதுதான்.

பெண்கள் சொன்னார்கள். ஒரே வரிசையில் நின்றால் ஆண்கள் முண்டியடிக்கிறார்கள், தனி வரிசை வேண்டும் என்றார்கள். வயிறு முட்டி நிற்கும் குழந்தையைப் பெரியவர்கள் தள்ளிவிடுகிறார்கள், அது வெளியே சாக்கடை ஓரம் உட்காருகிறது என்றார்கள். இருட்டும் பெரிய குழியும் பார்த்துக் குழந்தை பயப்படுகிறது என்றார்கள். ஆகவே குழந்தைகளுக்கென்று தனியிடம், சின்ன அளவில், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோடு கட்டப்பட்டது. காவல் பார்க்கிறவர் குடும்பத்தோடு தங்க அறை வைக்கப்பட்டது. புனேயில் 1999 முதல் 2001 வரை மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்களும் மக்கள் அமைப்புகளும் கைகோத்து 400க்கும் மேற்பட்ட பொதுக் கழிப்பறைகளைக் கட்டின. எந்தப் பொறியாளரின் புத்தகத்திலும் இல்லாத குழந்தைக் கழிப்பறை, குழந்தையைச் சுமந்து வரிசையில் நின்ற தாயின் வாயிலிருந்துதான் வந்தது.

படிவம் நீட்டினால் கேட்டதாகுமா?

"நாங்களும் கேட்கிறோமே! கருத்துப் படிவம் வைத்திருக்கிறோமே!" என்று சில அதிகாரிகள் சொல்வார்கள். அவர்களுக்குக் கோவை அருணாசலம் முருகானந்தம் கதையைச் சொல்கிறோம். மலிவு விலையில் நாப்கின் செய்யப் புறப்பட்ட அவர், தாம் செய்ததை மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்துக் கருத்து எழுதப் படிவமும் தந்தார். பிறகு பார்த்தால், சில மாணவிகளே உட்கார்ந்து எல்லாருடைய படிவங்களையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்! டாக்டருக்குப் படிக்கும் பெண்களே கூச்சத்தால் உண்மையை எழுதவில்லை என்றால், நம் சந்தில் இருக்கும் பெண் முன்பின் தெரியாத ஆண் நீட்டும் தாளில் எதை எழுதுவாள்? 'எல்லாம் நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். முருகானந்தம் படிவத்தை நம்பி நிற்கவில்லை. ஊரே கேலி செய்தும் தாமே கட்டிப் பார்த்தார். ஆண்டுக்கணக்கில் முட்டி மோதி, பெண்களே இயக்கக்கூடிய சின்ன எந்திரத்தைச் செய்தார். 2016இல் பத்மஸ்ரீ வந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. கேட்பது என்றால், எல்லாம் முடிந்த பிறகு கையெழுத்து வாங்குவதல்ல. வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டும். நம் மொழியில் கேட்க வேண்டும். பெண்ணைப் பெண் கேட்க வேண்டும். கேட்க வருகிறவர் நம் கூலி நேரத்தை எடுத்துக்கொண்டால் அதற்குக் கூலி தர வேண்டும். ஆலோசனைக்காரர்களுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள், சக்கர நாற்காலியில் வந்து அரை நாள் உழைத்துக் குறை கண்டுபிடித்துச் சொல்கிறவருக்கு ஒரு கோப்பை டீயோடு முடித்துவிடுவது என்ன நியாயம்?

மூன்று சாக்குகள்

நம் கோரிக்கையைக் கேட்டதும் மூன்று சாக்குச் சொல்வார்கள். "படிக்காதவருக்கு மருத்துவத்தில் என்ன தெரியும்?" என்பது முதல் சாக்கு. அறுவைக் கத்தியை எங்கே வைப்பது என்று நாம் சொல்ல வரவில்லை. அது டாக்டர் படித்த படிப்பு. அதற்குத் தலை வணங்குகிறோம். ஆனால் படிக்கட்டு எத்தனை உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எந்த மணிக்கு வர முடியும், பெயர்ப்பலகை எந்த எழுத்தில் இருந்தால் புரியும் என்பதெல்லாம் நாம் உடம்பால் படித்த படிப்பு. அந்தப் படிப்புக்கும் மரியாதை வேண்டும்.

"அவசர காலத்தில் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?" என்பது இரண்டாவது சாக்கு. 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டதைவிட அவசரம் எது? அப்போது மாநகராட்சி என்ன செய்தது? அந்தச் சந்துகளில் ஆண்டாண்டாகச் சின்ன மருத்துவமனை வைத்து, மக்களுக்கு முகம் தெரிந்த தனியார் டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டுதான் வீடு வீடாகப் போனது. அவசரத்தில்தான் உள்ளூர்க்காரர் சொல் அதிகம் தேவைப்படுகிறது.

"செலவாகுமே!" என்பது மூன்றாவது சாக்கு. ஏறமுடியாத சாய்தளத்தைக் கட்டி, இடித்து, மறுபடி கட்டுவது செலவில்லையா? மூலையில் கிடக்கும் செயற்கைக் கால் செலவில்லையா? நோய் முற்றிய பிறகு வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பது செலவில்லையா? 2022 நவம்பரில் மும்பையில் தொடங்கிய 'ஆப்லா தவாகானா' இரவு 10 மணி வரை திறந்திருக்கும் ஏற்பாட்டோடு தொடங்கப்பட்டது. உழைப்பவர் நேரத்தை மனத்தில் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. மனமிருந்தால் மார்க்கமுண்டு.

சட்டம் நம் பக்கம்

இது யாரிடமும் கையேந்திக் கேட்கும் சலுகை அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்றது. அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களுடைய அமைப்புகளைக் கலந்து, சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் எல்லாப் பகுதிக்கும் தடையில்லாமல் போக வழி வேண்டும் என்கிறது; சிகிச்சையில் முன்னுரிமையும் தருகிறது. பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்தியமைக்க விதிகள் வந்ததிலிருந்து ஐந்தாண்டுக் கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது. படிக்கட்டுகள் அப்படியே இருக்கின்றன! 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், வெறும் யோசனைபோல் எழுதிய விதி சட்டத்துக்குப் பொருந்தாது, கட்டாயமான குறைந்தபட்ச விதிகளைச் செய்ய வேண்டும், அதையும் சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புத் தானாக நடந்து நம் சந்துக்கு வராது. நாம்தான் போய் அழைத்து வர வேண்டும்.

அதற்கு ஒரு கதவு ஏற்கெனவே இருக்கிறது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புறச் சுகாதாரத் திட்டத்தில் 'மகிளா ஆரோக்ய சமிதி' என்று ஒன்று உண்டு. 50 முதல் 100 வீடுகளுக்கு ஒரு பெண்கள் குழு. ஆண்டுக்கு 5,000 ரூபாயும் அந்தக் குழுவே செலவிடலாம். நம் சால்களிலும் குடிசைப்பகுதிகளிலும் இந்தக் குழு இருக்கிறதா? இருந்தால் அதில் தமிழ்ப் பெண் இருக்கிறாரா? மராட்டியப் பெண்ணும், உத்தரப்பிரதேசத்துப் பெண்ணும், தெலுங்குப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்களா? ஒரே குழாயடியில் நிற்கிற நாம் ஒரே குழுவிலும் உட்கார வேண்டும். அந்த இடத்தையும் ஓர் ஆண் பிடித்துக்கொண்டு மனைவி பெயரில் பேசினால் அது குழுவே அல்ல.

தாய்மார்களே! தோழர்களே! இந்த மாதமே செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். ஒவ்வொரு கிளையும் தன் வட்டார மருத்துவ நிலையத்துக்கு நால்வரை அனுப்பட்டும். ஊன்றுகோலோடு நடப்பவர் ஒருவர், கண் மங்கிய முதியவர் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு தாய், நாக்காக் கூலித் தொழிலாளி ஒருவர். வாசலிலிருந்து மருந்து வாங்கும் சன்னல் வரை நடந்து, எங்கே தடுக்கியது, எதைப் படிக்க முடியவில்லை, எத்தனை மணி நேரம் போனது, எதைச் சொல்ல வாய் வரவில்லை என்று எழுதட்டும். எழுதத் தெரியாவிட்டால் சொல்லட்டும், நாம் எழுதுவோம். அந்தத் தாளோடு வார்டு அலுவலகத்துக்குப் போவோம். நாலு கேள்வி கேட்போம்: மாலை நேரத்தில் டாக்டர் உண்டா? மொழி பெயர்க்க ஆள் உண்டா? சாய்தளமும் கைப்பிடியும் எப்போது வரும்? அடுத்த திட்டக் கூட்டத்தில் எங்களுக்கு நாற்காலி எங்கே?

இந்த நகரத்தின் கட்டடங்களை எழுப்பிய கைகள் நம்முடையவை. அதில் மருத்துவமனையும் அடக்கம். செங்கல் சுமக்க மட்டும் நம்மைக் கூப்பிட்டவர்கள் வரைபடம் போடவும் கூப்பிட வேண்டும். கூப்பிடும்வரை நாம் அந்த வாசலை விட்டு நகரப் போவதில்லை.